மரக்கறிதானே என்று இருந்துவிடாதீர்கள்

அண்மையில் கொழும்பில் பழைய நண்பர்கள் சிலர் குடும்பத்தோடு சந்தித்தோம். அனைவரும் வெளியூர்க்காரர்கள். நண்பர் ஒருவரின் மகள் இறைச்சி, மீன் மட்டுமன்றி முட்டை, பால், நெய்யும் உண்பதில்லை. 'மரக்கறிச் சோறு' என்ற பலகையை நம்பி ஒரு கடையில் அமர்ந்தோம். சம்பலிலும் மாசி, பருப்பிலும் மாசி! நாங்கள் உண்டோம், அந்தப் பிள்ளை பிளேன்டீயோடு எழுந்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

மறுநாள் வெள்ளவத்தையில் ஒரு சைவக்கடைக்குப் போனோம். அங்கே மாசி இல்லை. ஆனால் சைவமென்றால் நெய்யும் தயிரும் உண்டல்லவா? முதலிலேயே கேட்டோம். தோசையை நல்லெண்ணெயில் சுட்டுத் தந்தார்கள். இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பால் சொதி. பிள்ளை வயிறார உண்டாள்.

புதிய ஊரில் 'இது ஹலாலா?' என்று நாம் கூச்சமின்றிக் கேட்கிறோம். நம்மோடு அமர்பவருக்காகவும் அப்படிக் கேட்கலாமே! மாசி சேர்த்ததா? நெய்யா, எண்ணெயா? பசும்பாலா, தேங்காய்ப்பாலா? இம்மூன்றையும் உட்காருமுன் கேளுங்கள். விருந்தினரைக் கண்ணியப்படுத்துமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். அவர் பசியோடு எழும்பாமல் பார்ப்பதும் அதில் அடங்கும்.