ஆற்றுக்குள் நின்ற சனமும் அழிந்துபோன டேப்பும்

பழைய டி.வி. ஞாபகம் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை சக்திமான், நடுவில் வந்த சோப்பு விளம்பரம் என்று தேடித்தேடிப் பார்த்துக் கண்கலங்குகிறார்கள். கலங்கட்டும். பொட்டி சொந்த வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு அந்தக் கண்ணீர் பொருத்தம்தான். ஊர்க்காரன் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தவர்களின் ஞாபகத்தில் வேறு காட்சிகளும் கிடக்கின்றன. அவற்றை யாரும் தேடுவதில்லை. தேடினாலும் கிடைப்பதில்லை. ஏன் கிடைப்பதில்லை என்பதுதான் என் கேள்வி.

நான் தேடுவது அரை நிமிசக் காட்சி. 1999-இல் நான் நாலாம் வகுப்பு. சங்ககிரியில் அப்பா லோடு ஏற்றப்போகும் லாரி ஆபீசில் ஒரு டி.வி. இருந்தது. உள்ளே பெஞ்சில் உட்காரக்கூடாது, வாசல்படியில் நின்று பார்த்துக்கொள்ளலாம். ராத்திரிச் செய்தியில் ஒரு ஆறு வந்தது. தண்ணிக்குள்ளே சனம். கரையில் காக்கி. மஞ்சப்பையைப் பிடித்த ஒரு கை தண்ணிக்கு மேலே தூக்கி நின்றது. அவ்வளவுதான். "பாட்டு வைங்கப்பா" என்று உள்ளேயிருந்து ஒரு குரல், சேனல் மாறிவிட்டது. "அது காவேரிங்களாப்பா?" என்று கேட்டேன். "இல்ல கண்ணு, திருநவேலிப் பக்கம். நம்ம சனந்தான். கூலி கேக்கப் போனாங்களாமா" என்றார் அப்பா.

கூலி கேட்கப் போனவர்களின் கதையைப் பிற்பாடுதான் முழுசாகப் படித்தேன். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம், பாம்பே பர்மா கம்பெனி குத்தகைக்கு எடுத்து நடத்தியது. கூலி உயர்வு கேட்டுப் போராடிய தொழிலாளர்கள் அறுநூறு பேருக்கு மேல் சிறையில் கிடந்தார்கள். அவர்களை விடச்சொல்லி 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம். கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசை ஒட்டித்தான் தாமிரபரணி ஓடுகிறது. போலீஸ் அடித்து விரட்டியது. ஓட வேறு திசையில்லாமல் சனம் ஆற்றில் இறங்கியது. இறங்கியவர்களையும் விடவில்லை. தண்ணிக்குள் நின்றவர்கள்மேல் லத்தியும் கல்லும் விழுந்ததைத் தப்பிக் கரையேறியவர்கள் சொன்னார்கள். 17 பேர் பிணமானார்கள். அதில் பெண்களும் உண்டு, ஒரு கைக்குழந்தையும் உண்டு.

பிறகு வழக்கம்போல ஒரு விசாரணைக் கமிஷன், நீதிபதி எஸ்.மோகன் தலைமையில். பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று அறிக்கை வந்தது. மூழ்கித்தான் செத்தார்கள் ஐயா, யார் இல்லையென்றது? மூழ்கடித்தது யார் என்பதல்லவா கேள்வி! குளிக்கப் போன இடத்தில் காலிடறி விழுந்தவர்களைப் போல ஒரு சொல்லில் முடித்துவிட்டார்கள். அங்கேதான் அந்த அரை நிமிசக் காட்சியின் விலை தெரிகிறது. 'மூழ்கி' என்ற சொல்லுக்கு எதிராக நிற்கக்கூடிய சாட்சி அது. கலையாத சாட்சி, மிரட்ட முடியாத சாட்சி.

ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்குப் போய்க் கேட்டுப் பார்த்தேன். "அந்தக் காலத்து டேப் எல்லாம் போச்சுங்க, அதும் மேலயே அடுத்த செய்தியை ஏத்திருப்பாங்க" என்றார்கள். இருக்கலாம். டேப் விலை அதிகம் என்பதால் பதிந்ததை அழித்து மறுபடி பதிவது உலகம் முழுக்க இருந்த பழக்கந்தான். மனிதன் நிலாவில் இறங்கிய 1969 ராத்திரி ஒளிபரப்பையே பி.பி.சி. காத்துவைக்கவில்லை. ஆனால் நிலாவில் நடந்தவனுக்கு ஆயிரம் படம் மிச்சமிருக்கிறது. ஆற்றில் செத்தவனுக்கு எத்தனை இருக்கிறது?

டேப் பஞ்சம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததா என்றும் கேட்கவேண்டும். 2001 ஜூன் 30 விடியற்காலையில் கருணாநிதியைக் கைது செய்த காட்சியை மறந்தவர் தமிழ்நாட்டில் யார்? சன் டி.வி. அதைத் திரும்பத் திரும்பப் போட்டது. ஜெயா டி.வி. தன் பங்குக்கு வேறு படம் காட்டியது. வயசான மனிதரை அப்படி இழுத்துப் போனது அநியாயம்தான். ஆனால் அதற்கு இரண்டு வருசம் முன்னால், ஆற்றங்கரையில் லத்தி வீசிய போலீசுக்கு மேலே முதலமைச்சராக இருந்தவரும் அவரேதான். ஒருவர் அலறல் ஒரு தலைமுறைக்கே மனப்பாடம். 17 பேரின் அலறலுக்கு ஒலியே இல்லை. அந்தப் பக்கம் மட்டும் யோக்கியமா? 1995-இல் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து வீடுகளை உடைத்தது ஜெயலலிதா ஆட்சியில். கட்சிக்கு ஒரு சேனல் இருக்கிறது. சேரிக்கு எது இருக்கிறது?

சட்டத்தையும் பார்த்துவிடலாம். சேனல்கள் ஒளிபரப்பியதன் பதிவை 90 நாள் வைத்திருந்தால் போதும் என்கிறது ஒன்றிய அரசின் நெறிமுறை. பதிப்புரிமைச் சட்டமோ ஒளிப்படப் பதிவுக்கு 60 ஆண்டு உரிமை கொடுக்கிறது. கணக்குப் போடுங்கள். காத்துவைக்கும் கடமை மூன்று மாசம், சொந்தம் கொண்டாடும் உரிமை அறுபது வருசம். 1999-இல் வெளியான காட்சி 2059 முடிகிறவரை எவனோ ஒருவனின் சொத்து. செத்தவர் பிள்ளைக்கு அதில் ஒரு பாத்தியதையும் இல்லை.

காட்சி கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் தூரம் போகவேண்டியதில்லை. 2015 ஜூன் 23 அன்று ஓமலூர் கோகுல்ராஜைத் திருச்செங்கோட்டு மலைக்கோயிலிலிருந்து கூட்டிப் போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் உடல். தற்கொலை என்று கதை கட்டினார்கள். முக்கிய சாட்சிகள் பிறழ்ந்தார்கள். கோயில் கேமராவில் பதிந்த காட்சி மட்டும் பிறழவில்லை. 2023 ஜனவரியில் ஐகோர்ட் நீதிபதிகள் இருவர் அந்தக் கோயிலுக்கே நேரில் வந்து கேமரா இருந்த இடங்களைப் பார்த்தார்கள். ஜூனில் தண்டனையை உறுதி செய்தார்கள். ஆயுள் தண்டனை பெற்ற யுவராஜ் எங்கள் சங்ககிரிக்காரர். ஆகவே எனக்குப் பாடம் சொல்ல வேறு ஊர் தேவையில்லை.

இதே சங்ககிரிக் கோட்டையில்தான் 1805-இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டார்கள். ஆடிப்பெருக்கன்று வருசா வருசம் மாலை விழுகிறது. அவருக்குப் புகைப்படமும் கிடையாது, டேப்பும் கிடையாது. ஆனாலும் ஞாபகம் அழியவில்லை. நிலமும் ஓட்டும் உள்ள சனம் ஞாபகம் வைத்திருக்கிறது, அரசும் கூட நிற்கிறது. அவரோடு நின்ற அருந்ததியர் பொல்லானுக்கு அரசு மரியாதை வாங்க இருநூறு வருசம் தாண்டிப் போராட வேண்டியிருந்தது. படம் இல்லாமலே நினைக்கப்படுகிற வசதி நமக்கு இல்லை தோழர்களே.

ஆர்.ஆர்.சீனிவாசன் எடுத்த 'நதியின் மரணம்' ஆவணப்படம் இல்லையென்றால் தாமிரபரணியில் மிச்சமிருப்பதும் போயிருக்கும். கல்லூரியில் படித்தபோது ஒரு கூட்டத்தில் திரையிட்டார்கள். அதே கரை, அதே தண்ணி, அதே காக்கி. நான் பார்த்த மஞ்சப்பை மட்டும் அதில் இல்லை. அது வேறொரு கேமராவில் பதிந்ததாக இருக்கவேண்டும். தேடுகிறேன். மாஞ்சோலைத் தோட்டத்தையே 2024-இல் கம்பெனி மூடி, நாலு தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களைக் கீழே இறங்கச் சொல்லிவிட்ட பிறகு இந்தத் தேடலுக்கு அவசரம் கூடியிருக்கிறது.

அன்றைக்கு உள்ளூர் கேபிள்காரர்கள் கேமரா வைத்திருந்தார்கள். கல்யாண வீடியோக்காரர்களை இயக்கங்களும் ஊர்வலத்துக்குக் கூட்டிப் போனதுண்டு. அந்தக் கேசட்டுகள் பரண்மேல், டிரங்குப் பெட்டியில், பூஞ்சை பிடித்துக் கிடக்கும். உலகத்தில் கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஓட்டிப் பார்க்க இனி மெசினும் கிடைக்காது. பூஞ்சை பிடித்த கேசட்டை அப்படியே போட்டால் மெசினும் கெடும், டேப்பும் அறுந்துபோகும். முதலில் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். இரண்டு நகல் எடுங்கள், ஒன்றை வேறு மாவட்டத்தில் வையுங்கள். எந்த ஊர், எந்தத் தேதி, யார் எடுத்தது என்று அட்டையில் பேனாவால் எழுதுங்கள். எந்தச் சேனலுக்கும் அசலைத் தூக்கிக் கொடுக்காதீர்கள்.