லிஃப்டுக்கு மட்டும் ஏன் "நம்ம ஊருக்கு இது போதும்"?

அடுக்ககப் பொதுக்குழுக் கூட்டங்களில் லிஃப்ட் பேச்சு வந்தால் மூன்று வசனங்கள் தவறாமல் கேட்கும். "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே." "அதெல்லாம் வெளிநாட்டு ஸ்டாண்டர்டு சார், நம்ம ஊருக்கு ஒத்து வராது." "ஏ.எம்.சி. ஆள் மாசாமாசம் வந்து பாக்கறாரே." அதன் பிறகு பேச்சு தண்ணீர் லாரிக்கும் வாட்ச்மேன் சம்பளத்துக்கும் தாவிவிடும்.

இந்த மூன்றுமே தவறு என்பது என் கட்சி. படியேற முடியாத வயதில் இருக்கும் நாம்தான் இதை உரக்கச் சொல்ல வேண்டும். இளைஞர்களுக்கு லிஃப்ட் ஒரு வசதி. நமக்கு அதுதான் தெருவுக்குப் போகும் ஒரே வழி.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். கயிறு அறுந்து லிஃப்ட் பாதாளத்துக்குப் போகும் என்பது பெரும்பாலும் சினிமாக் காட்சி. 1854-இல் நியூயார்க்கில் எலிஷா ஓட்டிஸ் என்பவர் ஒரு மேடையில் ஏறி நின்றுகொண்டு, அதைத் தாங்கிய கயிற்றை வெட்டச் சொல்லி, மேடை கீழே விழாமல் பிடித்துக்கொள்வதை ஊரறியக் காட்டினார். அந்தப் பிடிப்பான் இன்றைய லிஃப்டுகளிலும் வேறு வடிவில் இருக்கிறது. ஆபத்து இருப்பது வேறு இடங்களில்: கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் நகர்வது, லிஃப்ட் வராமலே வெளிக்கதவு திறந்துகொள்வது, தரைமட்டத்துக்கு இரண்டு அங்குலம் மேலேயோ கீழேயோ நின்று காலைத் தடுக்குவது, இரண்டு தளங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டவரை அவசரமாக வெளியே இழுக்கும்போது லிஃப்டுக்கு அடியில் தெரியும் இடைவெளி வழியாக அவர் குழிக்குள் விழுவது.

புதிய தரங்கள் இவற்றைத்தான் ஒவ்வொன்றாக அடைக்கின்றன. ஐரோப்பாவில் 2014-இல் ஈ.என். 81-20 என்ற தரம் வந்தது. அதை அடிப்படையாக வைத்து 2019-இல் ஐ.எஸ்.ஓ. 8100 என்ற உலகத் தரம் வந்தது. அதே வழியில் நம் இந்தியத் தர நிர்ணய அமைப்பும் 2022-இல் ஐ.எஸ். 17900 என்ற தரத்தை வெளியிட்டது.

இவை கேட்பவை ஒன்றும் ஆடம்பரம் இல்லை. லிஃப்ட் தளத்தில் வந்து நிற்கும்போது மட்ட வித்தியாசம் 10 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒளித்திரை கதவின் அடியிலிருந்து ஆள் உயரம் வரை தடையை உணர்ந்து, யார் மேலும் இடிக்காமல் கதவைத் திரும்பத் திறக்க வேண்டும். கரண்ட் போனால் உள்ளே ஒரு மணி நேரமாவது விளக்கு எரிய வேண்டும். மாட்டிக்கொண்டவர் வெளியே இருப்பவரிடம் பேச வழி இருக்க வேண்டும். கதவு திறந்த நிலையில் லிஃப்ட் தானாக நகர ஆரம்பித்தால் தனியான ஓர் ஏற்பாடு அதைக் கண்டுபிடித்து 1.2 மீட்டருக்குள் நிறுத்திவிட வேண்டும். இதில் எது நம் ஊருக்கு ஒத்து வராது?

"ஒண்ணும் ஆகலையே" என்பவர்களுக்கு ஜப்பானை நினைவூட்டுகிறேன். ஒழுங்குக்குப் பேர்போன தேசம். 2006-இல் தோக்கியோவின் மினாட்டோ பகுதியில் ஒரு குடியிருப்பு. பள்ளி மாணவன் ஒருவன் லிஃப்டிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது, கதவு திறந்தபடியே லிஃப்ட் மேலே ஏறியது. பையன் நசுங்கி இறந்தான். பிரேக் தேய்ந்துபோயிருந்தது. அதற்கு முந்தின நாள் வரை அந்தக் கட்டடத்துக்காரர்களும் "ஒன்றும் ஆகவில்லை" என்றுதான் சொல்லியிருப்பார்கள். 2009-இல் ஜப்பான், புதிய லிஃப்டுகள் எல்லாவற்றிலும் கதவு திறந்து நகர்வதைத் தடுக்கும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது.

அடுத்தது "வெளிநாட்டு ஸ்டாண்டர்டு". புவியீர்ப்புக்கு ஊர் வித்தியாசம் கிடையாது. பாரிசில் விற்கும் கம்பெனிகளே பெரம்பூரிலும் விற்கின்றன. பாதுகாப்பு ஏற்பாட்டை அங்கே சேர்த்தும் இங்கே விட்டும் விற்க வழி இருந்தால், விலையைக் குறைக்க எதை விடுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லா நாட்டிலும் தரம் ஒன்றானால் அந்த வழி அடைபடும். ஒத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு: நம் ஊருக்கென்று சில தேவைகள் இருக்கின்றன. மின்வெட்டு உண்டு, மழைக்காலத்தில் லிஃப்ட் குழியில் தண்ணீர் நிற்கும், கடலோர உப்புக்காற்று இரும்பை அரிக்கும். இவற்றுக்காக உலகத் தரத்தோடு எதையும் கூட்டுங்கள், வரவேற்கிறேன். உள்ளூர்ப் பழக்கம் என்று சொல்லி எதையும் கழிக்காதீர்கள்.

மூன்றாவது, ஏ.எம்.சி. மெக்கானிக் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் அவர் வேலை, லிஃப்ட் எப்படிச் செய்யப்பட்டதோ அப்படியே ஓட வைப்பது. அம்பாசிடர் காரை மாதாமாதம் சர்வீசுக்கு விட்டாலும் அதில் ஏர்பேக் முளைக்காது. இழுப்புக் கதவு போட்ட லிஃப்டுக்கு எத்தனை முறை எண்ணெய் போட்டாலும் ஒளித்திரை வராது. போதாததற்கு, எங்கே ஏ.எம்.சி. மலிவு என்று பார்த்து வருஷா வருஷம் கம்பெனி மாற்றும் சங்கங்களும் இருக்கின்றன. மலிவு எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை.

உண்மையான ஓட்டை இங்கேதான். புதிய தரம் எழுதப்படுவது புதிய லிஃப்டுக்கு. 1980களிலும் 90களிலும் கட்டிய மூன்று மாடி, நான்கு மாடி அடுக்ககங்களில் நாம் ஏறி இறங்கும் லிஃப்டுகள் அந்தக் காலத்தவை. தமிழ்நாட்டில் 1997-லிருந்து லிஃப்டுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது, உரிமம் வேண்டும், மின் ஆய்வுத் துறை வந்து பார்க்கிறது. அந்த வகையில் சில மாநிலங்களுக்கு நாம் முந்தியவர்களே. உத்தரப் பிரதேசத்தில் 2024-இல்தான் அப்படி ஒரு சட்டம் வந்தது. ஆனால் உரிமம் இருப்பதும் இன்றைய தரத்துக்கு லிஃப்ட் இருப்பதும் வேறு வேறு.

பிரான்ஸ் இந்த ஓட்டையை அடைத்தது. 2003-இல் சட்டம் போட்டு, ஓடிக்கொண்டிருக்கும் பழைய லிஃப்டுகளையும் கட்டம் கட்டமாகத் திருத்த வேண்டும் என்றார்கள். செலவு என்று குடியிருப்போர் கூச்சலிட்டார்கள், கெடுவைத் தள்ளிவைக்க வேண்டியும் வந்தது. ஆனாலும் வேலை நடந்தது. பழைய லிஃப்டுகளைச் சோதிப்பதற்கென்றே ஐரோப்பாவில் 2003-இல் ஒரு தரம் வெளியானது. அதில் 74 ஆபத்துகளைப் பட்டியலிட்டு, எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று வரிசைப்படுத்த வழி சொன்னார்கள். அப்படி ஒரு பட்டியலும் ஒரு கெடுவும் நம் அரசும் போட வேண்டும். ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள் நிறைந்த சிறு அடுக்ககங்களுக்குத் தவணைக் கடனோ மானியமோ தரட்டும். அது நியாயமான கோரிக்கை. செலவைக் காட்டி ஒன்றுமே செய்யாமலிருப்பது நியாயமில்லை.

அரசு வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த பொதுக்குழுவில் எழுந்து இவற்றைக் கேளுங்கள்:

நம் லிஃப்ட் கதவு திறந்தபடி நகர்ந்தால் தடுக்க என்ன இருக்கிறது? பிரேக்கைக் கழற்றிப் பார்த்தது எப்போது, அதை எழுதி வைத்திருக்கிறார்களா? கதவுப் பூட்டின் காண்டாக்ட்டை எங்காவது ஒயர் போட்டு ஷார்ட் செய்திருக்கிறார்களா? இரவு இரண்டு மணிக்கு உள்ளே மாட்டிக்கொண்டால் மணி யாருக்குக் கேட்கும்? லிஃப்டுக்கு அடியில் தகடு இருக்கிறதா? மாட்டிக்கொண்டவரை எப்படி எடுப்பது என்று வாட்ச்மேனுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா?

பதில் வாயால் வந்தால் ஏற்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். குக்கர் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஆட்கள் நாம். ஒரு நாளைக்கு நாலு முறை நம் உயிரை ஏற்றி இறக்கும் பெட்டிக்கு அந்த அக்கறை வேண்டாமா?