பாப் சுவைலா: தூக்குக் கயிறும் துருப்பிடித்த ஆணியும்

கெய்ரோவின் பழைய மதிலில் தென்வாயிலாக நிற்கும் பாப் சுவைலாவை 1092இல் எழுப்பியவர், ஃபாத்திமியக் கலீஃபாவின் அமைச்சர் பத்ருல் ஜமாலி. மம்லூக்குகளின் கடைசிச் சுல்தான் தூமான் பேயை 1517இல் உதுமானியர் தூக்கிலிட்டதும் இங்கேதான். இவ்வாயிலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அந்தக் கயிற்றோடு முடிந்துவிடுகிறது. அது போதாது என்பதே நம் கருத்து.

19ஆம் நூற்றாண்டில், இதே கதவுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இறைநேசர் ஒருவர் வீற்றிருப்பதாக எளிய மக்கள் நம்பினர். தலைவலி தீர அதில் ஆணி அறைந்தனர். பல்வலிக்காரர்கள் பிடுங்கிய பல்லை இடுக்கில் செருகினர். கொலைக்களத்தையே மருந்தகமாக்கிக்கொண்டவர்கள் அவர்கள். சுல்தானின் சாவுக்கு வரலாற்றாசிரியர்கள் சாட்சி; இவர்களின் வலிக்கு அந்தக் கதவே சாட்சி. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதும்போதுதான் அது அந்நகரின் வரலாறாகும்.