பெறும் முன்பே சொல்லும் நன்றி

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்த எவருக்கும் ஓர் ஆங்கிலக் கடிதம் மனப்பாடமாக இருக்கும். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று தொடங்கி ‘தேங்கிங் யூ’ என்று முடியும் விடுப்புக் கடிதம்தான் அது. காய்ச்சலே வராதவர்களும் அதை எழுதியிருப்பார்கள். விடுப்பு இன்னும் கிடைக்கவில்லை, அதற்குள் நன்றி போய்விடுகிறது. வங்கிக்கு எழுதும் விண்ணப்பம், ஆட்சியர் அலுவலகத்துக்குக் கொடுக்கும் மனு எல்லாவற்றிலும் இதே கதைதான். நன்றி என்பது கேட்பவர் கடைசியில் வைக்கும் கும்பிடு. பெற்றுக்கொண்ட பிறகு, பெற்றது இன்னதென்று சொல்லி எழுதும் நன்றியில் நமக்குப் பழக்கம் குறைவு.

இந்தக் குறை வகுப்பறையோடு நின்றால் பெரிதாகப் பேச வேண்டியதில்லை. கொங்கு நாட்டில் அது தொழிலுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. 1978-ல் இத்தாலிய வியாபாரி ஒருவர் பனியன் தேடித் திருப்பூருக்கு வந்ததை அந்த ஊர் ஏற்றுமதியின் தொடக்கமாகச் சொல்வார்கள். இன்று ஆண்டு ஏற்றுமதி 40,000 கோடி ரூபாயை ஒட்டி நிற்கிறது. சாம்பிள், லேப் டிப் (சாய நிற மாதிரி), விலை, கப்பல் தேதி என இந்த வியாபாரத்தின் பேச்சில் பெரும்பகுதி மெயிலில்தான் நடக்கிறது. அதை எழுதுபவர் முதலாளி அல்ல. காங்கேயத்திலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ வந்த இருபத்தைந்து வயது மெர்ச்சண்டைசர். பல வீடுகளில் அவர்தான் முதல் பட்டதாரி. கோவையின் பீளமேட்டிலும் சரவணம்பட்டியிலும் மென்பொருள் நிறுவனங்களுக்குள் நுழையும் பிள்ளைகளின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

அவர்கள் எழுதும் நன்றி மெயில் எப்படி இருக்கிறது? ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்குகிறது. ‘கைண்ட் கோஆபரேஷன்’, ‘வேல்யூவபிள் சப்போர்ட்’ என்று அடுக்குகிறது. இலக்கணப் பிழை பெரிதாக இருக்காது. ஆனால் எதற்காக நன்றி என்று கடைசி வரி வரைக்கும் தெரியாது. இதைப் பார்த்துச் சிரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ‘வாங்க’, ‘சொல்லுங்க’, ‘சரிங்க’ என்று வாக்கியத்துக்கு வாக்கியம் மரியாதையை வாலில் கட்டிப் பேசி வளர்ந்தவருக்கு, அந்த வால் இல்லாத மொழியில் எழுதும்போது கை நடுங்குகிறது. சொல்லில் இல்லாத பணிவை எடையில் ஈடுகட்டப் பார்க்கிறார். அவருக்கு இலக்கண வகுப்பு எடுத்துப் பயனில்லை.

நன்றியைத் துல்லியமாக எழுதுவது நமக்குத் தெரியாத வித்தையும் அல்ல. கல்யாண வீட்டு மொய் நோட்டைப் புரட்டுங்கள். ‘மிக்க நன்றி’ என்று அதில் யாரும் எழுதுவதில்லை. பெயர், ஊர், தொகை, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு இருபது வருடம் கழித்தும் பதில் மொய் செய்துவிடுவார்கள். நல்ல நன்றி மெயிலும் அந்தச் சாதிதான். ‘திங்கட்கிழமையே லேப் டிப்புக்கு ஒப்புதல் தந்தீர்கள், நன்றி. அதனால் சாயப்பட்டறையில் இரண்டு நாள் மிச்சமானது. 18-ம் தேதி சாம்பிள் அனுப்புகிறோம்.’ இந்த மூன்று வாக்கியங்களுக்குப் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் போதும்.

துல்லியம் வேண்டும் என்பதற்கு மரியாதையைத் தாண்டிய காரணமும் உண்டு. மின்னணு வழியில் உருவாகும் ஒப்பந்தத்தைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு ஏற்கிறது. டிரைமெக்ஸ் இன்டர்நேஷனலுக்கும் வேதாந்தா அலுமினியத்துக்கும் இடையிலான வழக்கில், முறையான ஒப்பந்தப் பத்திரம் கையெழுத்தாகாவிட்டாலும் மெயில் பரிமாற்றத்திலேயே ஒப்பந்தம் முடிவாகிவிட்டது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே பேச்சு ஐந்து கப்பல் பாக்சைட் பற்றியது; பனியனுக்கும் இதே கதைதான். 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கியபோது, திருப்பூருக்குத் தள்ளுபடி கேட்டு மெயில்கள் வந்தன. அப்படி ஒரு மெயிலுக்குப் பழக்கதோஷத்தில் ‘நோட்டட் வித் தேங்க்ஸ்’ என்று மட்டும் பதில் போட்டால் என்ன பொருள்? படித்தேன் என்றா, ஒப்புக்கொண்டேன் என்றா? சச்சரவு வந்தால் எதிர்த்தரப்பு எந்தப் பொருளைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘மெயில் கிடைத்தது, நன்றி, விலை பற்றி வெள்ளிக்கிழமை பதில் சொல்கிறோம்’ என்று எழுதினால் அந்தச் சிக்கலுக்கு இடமில்லை.

‘என் ஆங்கிலத்தைப் பார்த்து என்ன நினைப்பார்களோ’ என்ற அச்சம் மட்டும் மிச்சமிருக்கும். அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். நன்றிக் கடிதம் எழுதியவர்கள் தங்கள் சொற்கள் சரியாக அமைந்தனவா, பெறுபவருக்குச் சங்கடமாகுமா என்று கவலைப்பட்டார்கள். பெற்றவர்களோ அதில் இருந்த அன்பைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள்; எழுதியவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக மகிழ்ந்தார்கள். ஆய்வில் எழுதியவர்கள் ஆங்கிலத்திலேயே புழங்குகிறவர்கள். அவர்களுக்கே இந்தக் கவலை என்றால், இது ஆங்கிலம் கற்பவரின் தனி நோய் அல்ல.

கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகள் செய்வதுதான் எனக்குப் பிடிபடவில்லை. நேர்காணல் முடிந்ததும் நன்றி மெயில் அனுப்பு என்கிறார்கள். மாதிரி ஒன்றையும் வாட்ஸ்ஆப்பில் போட்டுவிடுகிறார்கள். ஒரே கமாவோடு ஒரே கடிதம் ஐம்பது மாணவர்களிடமிருந்து போனால் பெறுபவர் எதை நம்புவார்? வளாகத் தேர்வுக்கு அந்த மெயில் தேவையே இல்லை என்பேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கி மாதிரி நேர்காணல் நடத்திய சீனியருக்கு எழுதச் சொல்லலாம். எந்தக் கேள்வி அப்படியே வந்தது, எந்தப் பதில் கைகொடுத்தது என்று அவரிடம் சொல்ல மாணவருக்கு விஷயம் இருக்கிறது.

தமிழ்நாடு அரசு 2022-ல் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவர்களுக்கு உதவித்தொகை தரும் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024 ஆகஸ்ட் 9-ல் கோவையிலேயே தொடங்கிவைக்கப்பட்டது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கல்லூரிக்கு வருவது அதிகரிக்கும் காலம் இது. பள்ளி ஆங்கிலத் தேர்வில் விடுப்புக் கடிதத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கட்டும்: ஒருவர் உங்களுக்குச் செய்த உதவி இது, அதனால் நடந்தது இது, ஐந்து வரியில் அவருக்கு எழுதுக. சொல்லடுக்குக்கு மதிப்பெண் வேண்டாம், விவரத்துக்குக் கொடுங்கள்.

எல்லாவற்றையும் இப்போது இயந்திரமே எழுதித் தருகிறதே என்பார்கள். தருகிறது. 2015-ல் கூகுள் தானாகப் பதில் சொல்லும் வசதியைச் சோதித்தபோது, அது எந்த மெயிலைப் பார்த்தாலும் ‘ஐ லவ் யூ’ என்று பரிந்துரைத்துக்கொண்டிருந்ததாம். இப்போது வெகுவாகத் தேறிவிட்டது. பிழையில்லாத ஆங்கிலம் ஒரு நொடியில் வருகிறது. ஆனால் லேப் டிப்புக்கு எந்தக் கிழமை ஒப்புதல் வந்தது, சாயப்பட்டறையில் எத்தனை நாள் மிச்சமானது என்பதை மெர்ச்சண்டைசர்தான் அதற்குச் சொல்லித் தர வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லத் தெரிந்தவருக்கு மெயிலில் பாதி எழுதியாகிவிட்டது.