விதைக்கு விதை வேண்டாம்! நட்டஈடு வேண்டும்!

 

குண்டனி நாட்டு வயலில் இறங்கிப் பாருங்கள். ஒரே நாளில் நாற்று விட்டோம், ஒரே நாளில் நட்டோம். பாதிப் பயிர் கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. பாதி இன்னும் பொதியிலேயே இருக்கிறது. இளசு முற்றட்டும் என்று காத்திருந்தால் முற்றியது கொட்டிப் போகும். இப்பவே அறுத்தால் இளசெல்லாம் கருக்காய். இது மழையின் குற்றமா? பக்கத்து வரப்பில் வீட்டு விதை போட்டவர் பயிர் ஒரு சீராக நிற்கிறதே! நமக்குப் பையில் வந்தது கலப்பு விதை.

விற்றவரிடம் போய்க் கேட்டோம். முதலில் "உரம் வைத்தது சரியில்லை" என்றார். அப்புறம் "மலைக் குளிருக்கு இப்படித்தான் ஆகும்" என்றார். (மலைக்கு ஏற்ற ரகம் என்று சொல்லி விற்றவரும் இவரேதான்.) கூட்டமாகப் போனதும் பேச்சு மாறியது. ஆளுக்கு ஒரு பை விதை சும்மா தர்றாராம், ஒரு தாளில் கையெழுத்து மட்டும் போடணுமாம். "இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அந்தத் தாளில் எழுதியிருக்கிறது!

உழவுக் கூலி, நடவுக் கூலி, உரம், வட்டிக்கு வாங்கிய காசு, நாலு மாசப் பாடு, இத்தனைக்கும் ஒரு பை விதையா? வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் நினைப்பது நமக்குத் தெரியும். அவர்கள் மேல் கோபமில்லை. "கம்பெனிக்காரனை எதிர்த்து நாம கோர்ட்டில் ஜெயிக்கிறதா?" என்ற பயம்தான் காரணம்.

ஜெயித்திருக்கிறார்கள்! ஆந்திர விவசாயிகள் தேசிய விதைக் கழகத்தின் மீதே வழக்குப் போட்டார்கள். அது மத்திய அரசின் நிறுவனம். மாவட்ட நுகர்வோர் மன்றம் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை அந்தக் கழகம் இழுத்தது. விதைக்குத் தனியாக 1966-ஆம் வருசச் சட்டம் இருக்கிறது, நுகர்வோர் மன்றத்துக்கு வரக்கூடாது என்று வாதாடியது. விவசாயி நுகர்வோரே இல்லை என்றது. விதையைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பவில்லையே என்றது. 2012 ஜனவரி 16-இல் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் தள்ளிவிட்டது. வாங்கின விதையை விவசாயி முழுக்க விதைத்துவிடுவான், சோதனைக்கு என்று எடுத்து வைப்பான் என எதிர்பார்க்க முடியாது, கம்பெனியே தன் கையில் உள்ள மாதிரியை அனுப்பியிருக்கலாமே என்று கேட்டது. நம்ம வீட்டுத் தாத்தா கேட்டிருக்க வேண்டிய கேள்வி!

தோற்ற கதையும் உண்டு, மறைக்கக் கூடாது. அரியானா விதைக் கழகத்தின் மீது போட்ட வழக்கில் 2005-இல் விவசாயிகள் தோற்றார்கள். வேளாண் அதிகாரிகளின் அறிக்கையில் விதைதான் கெட்டது என்று இல்லை. விளைச்சல் குறைய வேறு காரணமும் இருக்கலாம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால்தான் சொல்கிறோம், கதிரை அறுப்பதற்கு முன்னால் வேளாண் துறைக்கு மனு கொடுங்கள். அதிகாரி வயலில் இறங்கிப் பார்க்கணும். கலப்பு நூற்றுக்கு எத்தனை என்று எண்ணி, காரணம் விதைதான் என்று தெரிந்தால் அதையும் எழுதணும். விற்றவருக்கும் தகவல் கொடுத்துவிடுங்கள், அப்புறம் "எனக்குத் தெரியாமல் பார்த்தார்கள்" என்று பேச முடியாது. போட்டோவும் எடுத்து வையுங்கள்.

பையைக் கிழித்து அடுப்பில் போடாதீர்கள். அதில் தைத்திருக்கும் அட்டையில்தான் குவியல் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கிறது. பில்? சங்கம் பேசும் நாமே எத்தனை தடவை பில் வாங்காமல் வந்திருக்கிறோம்! 1983-ஆம் வருச விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விற்பவர் ரசீது தந்தே ஆகணும். கொடுக்காதது அவர் குற்றம். பில் இல்லாதவர்களும் வாருங்கள், பேசுவோம்.

செலவைப் பற்றிய பயம் வேண்டாம். 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய நுகர்வோர் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நமக்கு நாமக்கல். கொடுத்து வாங்கிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகணும் என்பதும் இல்லை. எதிராளி 30 நாளில் பதில் தரணும், மன்றம் விட்டுக் கொடுத்தால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் இல்லை. ஒரே குறை பலருக்கு என்றால் மன்றத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே புகாராகவும் போடலாம். ஆனால் இரண்டு வருசத்துக்குள் போட்டாகணும்.

"நாட்டுப் பஞ்சாயத்தில் பேசி முடிச்சுக்கலாம்" என்று பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். வரப்புச் சண்டைக்கு நம்ம பஞ்சாயத்து போதும், அதன் சொல்லுக்கு நாம் கட்டுப்படுவோம். கீழ்நாட்டுக் கம்பெனி கட்டுப்படுமா? எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய் நாலு தடவை நாமக்கல்லில் நிற்க வேண்டி வரும். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும். முறை வைத்துப் போவோம்.

தாளில் கையெழுத்து கேட்டால் "சங்கத்தில் கேட்டுட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். வரும் ஞாயிறு காலை கோயில் திடலில் கூடுகிறோம். பை, அட்டை, பில் எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். மனு அங்கேயே எழுதுவோம்.

இவண்,
சங்கச் செயலாளர்,
குண்டனி நாடு, கொல்லிமலை