தழும்பை நீக்குகிறார்களா? உண்டாக்குகிறார்களா?

"ஏழே நாளில் தழும்பு மறையும்! கே.கே.எம். லூலுஸ்!"

புலனக் குழுக்களிலும் முகநூலிலும் இரவுச் சந்தையிலும் இந்த முழக்கம் ஓய்வதே இல்லை. முன்பெல்லாம் 'சிவப்பழகு' என்று வெளிப்படையாகவே விற்றார்கள். கண்டனம் வலுத்ததும் 2020இல் 'ஃபேர் அண்ட் லவ்லி'கூட 'குளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாற்றிக்கொண்டது. நிறத்தைப் பழித்து விற்பது நாகரிகமில்லை என்றாகிவிட்டதல்லவா? இப்போது தழும்பைக் காட்டி விற்கிறார்கள். கொசுக்கடித் தழும்பு, பருத்தழும்பு, ஸ்டிரெட்ச் மார்க் எனப்படும் தோல்வரி, எல்லாவற்றுக்கும் ஒரே களிம்பு!

அந்தக் 'கே.கே.எம். லூலுஸ்' என்பது என்ன? நம் நாட்டில் ஒப்பனைப் பொருளை விற்பவர் சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவிடம் அறிவிக்கை செய்யவேண்டும். அவ்வளவே. அப்பொருள் தழும்பைப் போக்குமா என்று அமைச்சு முன்கூட்டியே சோதித்துச் சான்றளிப்பதில்லை. பாதரசமோ ஹைட்ரோகுவினோனோ ஸ்டீராய்டோ கலந்திருப்பது பின்னர்ப் பிடிபட்டு அறிவிக்கை இரத்தான களிம்புகள் பல. விற்றவர் வேறு பெயரில் மீண்டும் கடை விரிக்கமாட்டார் என்பதற்கு என்ன உறுதி?

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி. கைகால்களில் கொசுக்கடித் தழும்புகள். தாயார் இணையத்தில் 60 வெள்ளிக்கு ஒரு டப்பா வாங்கிப் பூசியிருக்கிறார். உட்பொருள் எதுவும் அதில் அச்சிடப்படவில்லை. முதல் மாதம் தோல் பளிச்சென்றுதான் இருந்தது. சில மாதங்களில் முழங்காலின் பின்புறத்திலும் தொடையிலும் செந்நிற வரிகள் தோன்றின. களிம்பில் ஸ்டீராய்டு இருக்கவேண்டும் என்றார் மருத்துவர். வீரியமிக்க ஸ்டீராய்டு தோலை மெலிவித்து வரிகளை உண்டாக்கும்; அவ்வரிகள் முற்றாக மறைவதில்லை. எந்தக் குறையைப் போக்குவதாகச் சொல்லி விற்றார்களோ, அதையே அவள் உடம்பில் எழுதிவிட்டார்கள்! அவ்வாண்டு விளையாட்டுப் போட்டிக்கு அவள் வரவில்லை. ஓட்டத்தில் முதலாவதாக வருகிற பிள்ளை அவள்.

ஹைட்ரோகுவினோனைக் கண்காணிப்பின்றி நெடுநாள் பூசினால் தோல் நீலங்கலந்த கருமையாகத் தடிக்கலாம். பாதரசம் சிறுநீரகத்தையே கெடுக்கும்.

களிம்பு பலிக்காதபோது லேசருக்கு அழைக்கிறார்கள். லேசர் ஒளியை மெலனின் உறிஞ்சும். நம் மேல்தோலில் மெலனின் மிகுதி. வெண்தோலுக்கு வைத்த அளவை அப்படியே நமக்கு வைத்தால் தீக்காயமும் அதன்பின் கருந்திட்டும் வரலாம். தோலை வகைப்படுத்த உலகெங்கும் மருத்துவர்கள் கையாளும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோலே 1975இல் வெண்தோலின் வகைகளுக்காகத்தான் வகுக்கப்பட்டது; பழுப்பும் கறுப்பும் பிறகு சேர்க்கப்பட்டவை. நம் தோலுக்கு ஓரளவு பாதுகாப்பான 1,064 நானோமீட்டர் லேசர் இருக்கிறதுதான். ஆனால் அதைப் பதிவுபெற்ற, உரிய சான்றுள்ள மருத்துவரே இயக்கவேண்டும். முடிதிருத்தும் நிலையத்தின் பின்னறையில் இருக்கும் கருவியை இயக்குபவர் யார் என்று கேட்டதுண்டா? கீலாய்டு என்னும் தடித்த தழும்பு கருந்தோலில்தான் மிகுதி. அதை வெறுமனே வெட்டினால் முன்னினும் பெரிதாக வளரக்கூடும். இதையெல்லாம் எந்த விளம்பரம் சொல்லிற்று?

தோல்வரியை அடியோடு அழிக்கும் களிம்பு உலகில் இல்லை. செந்நிறமாய் இருக்கும் தொடக்கத்தில் சிகிச்சை சற்றுப் பலனளிக்கலாம், வெளுத்தபின் கடினம். வளரும் பருவத்தில் இவ்வரிகள் இயல்பாகவே வரும், நாளடைவில் மங்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லித் தருவது யார்? உறவினர் வந்தால் முதல் பேச்சே "பிள்ளை கறுத்துப் போயிட்டாளே" என்பதுதானே! கலைநிகழ்ச்சியில் முன்வரிசைக்கு நிறம் பார்த்துப் பிள்ளை பொறுக்கும் ஆசிரியர்களும் நம்மிடையே உளர். கசப்பாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். களிம்புக்காரனுக்கு வாடிக்கையாளரைப் பிடித்துக் கொடுப்பவர்கள் நாம்தாம்.

பெற்றோர்களே, அரசாங்கக் கிளினிக்கில் மலேசியர்க்குக் கட்டணம் 1 வெள்ளி. பிள்ளைக்கு ஏற்கெனவே ஏதேனும் பூசிவந்தீர்களானால் அந்த டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். மாதக்கணக்கில் பூசியதைச் சட்டென நிறுத்தினால் தோல் சிவந்து எரியவும் கூடும். எப்படி நிறுத்துவது என்பதையும் மருத்துவரிடமே கேளுங்கள். விற்றவரிடம் கேட்காதீர்கள்.