வீங்கிய காலைத் தேய்க்காதீர்கள்

ஒரு கால் மட்டும் வீங்குகிறது. கெண்டைச் சதை கல்லாய் இறுகி, தொட்டால் சுடுகிறது. மலேசியாவின் புக்கிட் காத்தில் வட்டாரத்தில் இதற்கு உடனே ஒரு பெயர் தயார்: "நரம்பு பிடிச்சிக்கிச்சு." தைலம் வருகிறது, உருவிவிட ஆள் வருகிறார், உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடமும் நடக்கிறது. மூன்றாம் நாள் மூச்சு வாங்கும்போதுதான் வண்டியைத் தேடுகிறோம்.

காலின் உள் சிரையில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தால், அந்த உருவலே கட்டியைப் பெயர்த்து நுரையீரலுக்கு அனுப்பிவிடக்கூடும். அடைப்பு பெரிதென்றால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

இப்போது இன்னொரு கவலை சேர்ந்திருக்கிறது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தோடு காலுக்கு அளவான சூடும் கொடுத்தால் கட்டி சீக்கிரம் கரையுமா என்று ஆய்வாளர்கள் சோதிக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஹெப்பரின், வார்பரின் போன்ற அந்த மருந்துகள் கட்டியைக் கரைப்பதில்லை, வளரவிடாமல் பிடித்துவைக்கின்றன. கரைக்கும் வேலையை உடம்பே மெல்லச் செய்கிறது. சூடு பட்டால் குழாய் விரியும், ரத்த ஓட்டம் கூடும், கட்டியைக் கரைக்கும் பொருளும் குழாய்ச் சுவரில் சுரக்கும் என்பது எதிர்பார்ப்பு. மருந்து சாப்பிட்ட பிறகும் 20 முதல் 50 விழுக்காட்டினர் பின்னாளில் கால் கனத்து, தோல் கறுத்து, சிலர் கணுக்காலில் ஆறாப் புண்ணோடும் அவதிப்படுகிறார்கள். அவர்களுக்கு ஒரு வழி பிறக்கட்டும்.

ஆனால் இந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் நம் வீட்டுக்கு வரும்போது 'மருந்தோடு' என்ற சொல் உதிர்ந்துபோகும். "வெந்நீர்ப் பை போதுமாம்" என்பதே மிஞ்சும். அங்கேதான் ஆபத்து. 2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நீரிழிவால் மரத்துப்போன பாதத்துக்குச் சூடு உறைக்காது. வெந்நீர்ப் பையை வைத்தபடி தூங்கி, விடிந்தபின் கொப்புளத்தைப் பார்த்தவர் நம் குடும்பங்களிலேயே உண்டு. அந்தக் கொப்புளம் புண்ணாகி, விரலை எடுக்கும்வரை போன கதையும் உண்டு.

சூட்டை நம்பி, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை நிறுத்துவது அதைவிடக் கொடுமை. பொதுவாகக் குறைந்தது 3 மாதம் அதை விடாமல் சாப்பிட வேண்டும். வார்பரின் என்றால் ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர் பரிசோதனைக்குத் தவறாமல் போக வேண்டும். கீரையைத் திடீரென்று கூட்டுவதும் குறைப்பதும், நாட்டு மருந்தைச் சொல்லாமல் சேர்ப்பதும் அளவைக் குலைத்துவிடும்.

மாநிலச் சுகாதாரத் துறையிடம் கேட்கிறோம்: இந்த எச்சரிக்கை தமிழில், நம் கோயில் அறிவிப்புப் பலகைகளிலும் தோட்ட மண்டபங்களிலும் ஒட்டப்பட வேண்டும். மாத்திரை கொடுக்கும் முகப்பில் தமிழில் விளக்க ஒருவர் வேண்டும். இந்தச் சூட்டுச் சிகிச்சை இங்கே சோதிக்கப்படும் நாள் வந்தால், நீரிழிவுள்ள நம்மவர்களையும் தக்க பாதுகாப்போடு அதில் சேர்க்க வேண்டும். அவர்களை ஒதுக்கிவிட்டுக் கிடைக்கும் முடிவு நம் வீடுகளுக்குப் பொருந்தாது.

அதுவரை ஒற்றைக் கால் வீங்கினால் அன்றைக்கே ஸ்கேன். நெஞ்சு வலித்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே 999.